யார் ஆரம்பித்தது என்று கேட்காதீர்கள்

வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் சண்டை இருக்கும். சண்டையே வராமல் தடுக்க என்னிடம் வழி எதுவும் இல்லை. வந்த சண்டையில் பெரியவர்கள் எப்படித் தலையிடலாம் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

குடும்பத் தகராறுகளில் மத்தியஸ்தம் செய்வது என் தொழில். நாற்பது ஐம்பது வயதைத் தாண்டிய அண்ணன் தம்பிகள் மேஜைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு சொத்தில்தான் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் “அப்பா எப்பவுமே உன் பக்கம்தானே” என்று ஒருவர் சொல்லிவிடுவார். அதற்கப்புறம் கணக்கு வழக்கு எதுவும் யார் காதிலும் ஏறாது. ஓரவஞ்சனை என்ற புகாருக்கு வயதே ஆவதில்லை.

வீட்டில் நாம் தீர்ப்பு சொல்லும்போதெல்லாம் இந்தப் புகாருக்குத் தீனி போடுகிறோம். “யார் முதலில் ஆரம்பித்தது?” என்று கேட்டதும் இரண்டு பிள்ளைகளும் வக்கீல்களாகிவிடுவார்கள். இவன் கிள்ளியதற்கு முன்னால் அவள் பழிப்புக் காட்டினாள், அதற்கு முன்னால் இவன் தள்ளினான் என்று போய்க்கொண்டே இருக்கும். ஜெயித்தவருக்கு அம்மாவைத் தன் பக்கம் இழுக்கும் வித்தை கைவரும். தோற்றவர் அடுத்த முறை தடயம் இல்லாமல் கிள்ளப் பழகுவார். எதிரில் நிற்பவருக்கு என்ன வலிக்கிறது என்று இருவருமே யோசித்திருக்க மாட்டார்கள்.

முதலில் எந்தச் சண்டைக்குள் போவது என்று பாருங்கள். வெறும் வாய்ச்சண்டை, இரண்டு பேரின் குரலும் ஒரே அளவில் இருக்கிறது என்றால் போகாதீர்கள். பாதி சண்டை நம் காலடிச் சத்தத்துக்காகவே பெரிதாகிறது. கை நீண்டால் உடனே போய்ப் பிரித்துவிடுங்கள். அப்போது “அடிக்கக் கூடாது” என்ற ஒரு வரி போதும்.

பிரித்த கையோடு விசாரணையைத் தொடங்க வேண்டாம். ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் அடத்தைப் பற்றி 2003-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. பெரும்பாலான அடம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது, கோபம் தொடக்கத்திலேயே உச்சத்துக்குப் போய் இறங்குகிறது, அழுகையும் வருத்தமும் அதற்குப் பிறகும் நீடிக்கின்றன என்று அதில் கண்டார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடமும் நான் பார்ப்பது இதுதான். கத்தல் விசும்பலாக மாறும் வரை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள். தண்ணீர் கொடுங்கள்.

அப்புறம்தான் பேச்சு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலி ஸ்மித், ஹில்டி ராஸ் என்ற இருவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வுக்காகப் பெற்றோருக்கு மத்தியஸ்தம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகள் அவை. விதியைச் சொல்வது, எதில் தகராறு என்று பிரித்தெடுப்பது, ஒருவர் மனதை மற்றவருக்குப் புரியவைப்பது, முடிவைப் பிள்ளைகளிடமே விடுவது என்று நான்கு படிகள். நாங்கள் பெரியவர்களிடம் செய்வதும் ஏறக்குறைய இதே. இந்தப் பயிற்சி பெற்ற வீடுகளில் பிள்ளைகள் இன்னும் நிதானமாகப் பேசினார்கள், எதிராளியின் நியாயத்தையும் கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள்.

என் வீட்டில் இது எப்படி நடக்கிறது என்று ஒரு சண்டையை வைத்துச் சொல்கிறேன். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு ஆகப்போகிறது. அவள் வரைந்து வைத்திருந்த ராணியின் முகத்தில் இவன் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் மீசை போட்டுவிட்டான். அவள் இவனுடைய அட்டைக் கோட்டையை மிதித்து நசுக்கிவிட்டாள். அழுகை ஓய்ந்ததும் இரண்டு பேரையும் தரையில் உட்காரவைத்து நானும் தரையில் உட்கார்ந்தேன். நின்றுகொண்டு பேசினால் நீதிபதி மாதிரி ஆகிவிடும்.

விதி இரண்டே. ஒருவர் பேசும்போது அடுத்தவர் குறுக்கே பேசக் கூடாது. பட்டப்பெயர் வைக்கக் கூடாது.

முதலில் சின்னவன். “அக்கா என்னைச் சேத்துக்கவே மாட்டேங்கிறா.” மீசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் முறை வந்ததும், “கஷ்டப்பட்டு வரைஞ்சேன், கெடுத்துட்டான்” என்றாள். ஆக, தகராறு ஒன்றில்லை, இரண்டு. அதை மட்டும் சொன்னேன்: “உனக்குச் சேர்ந்து வரையணும். உனக்கு வரைந்தது அப்படியே இருக்கணும். சரியா?” இரண்டு தலையும் ஆடின.

அடுத்த படியில் அவசரப்படாதீர்கள். எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். “அக்காவுக்கு ஏன் கோபம்?” என்று கேட்டேன். “அவளுக்கு மீசை பிடிக்கலை” என்றான், ரொம்ப சீரியஸாக. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு, “மீசை இல்லடா, நீ கேக்காம வரைஞ்சே, அதான்” என்றாள். அவன் யோசித்துவிட்டு, “கேட்டா வேண்டாம்னு சொல்லுவியே” என்றான். அவளிடம் பதில் இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில், “இப்ப என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க” என்று விட்டுவிட்டேன். அவள் முதலில் அலமாரிக்குப் பூட்டு கேட்டாள். இவன் எல்லா ராணிக்கும் மீசை என்றான். அங்கே இங்கே போய், ஓவிய நோட்டின் கடைசிப் பக்கம் அவனுக்கு, அதில் அவள் ஒரு முகம் வரைந்து கொடுப்பாள், அவன் இஷ்டத்துக்கு என்ன வேண்டுமானாலும் போடலாம், மற்ற பக்கங்களைத் தொடக் கூடாது என்று முடிந்தது. கோட்டையை ஒட்டவைக்க அவள் பசை எடுத்து வந்தாள். அதை நான் சொல்லவில்லை. அவனுக்கென்று தனி நோட்டு கொடுத்துவிடலாமே என்று எனக்குள் ஒரு யோசனை இருந்தது. சொல்லாமல் விட்டேன். நம் யோசனை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை அவர்கள் உத்தரவாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அவர்களே போட்ட ஒப்பந்தம் கடைசிப் பக்கம் நிரம்பும் வரை நின்றது. பிறகு அதற்கு முந்தைய பக்கம் யாருக்கு என்று புதுச் சண்டை வந்தது, அது வேறு கதை.

நாலு வயதுக்குக் கீழே இதையெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். தனக்குத் தெரிந்தது வேறு, அடுத்தவர் நினைப்பது வேறு என்று பிரித்துப் பார்க்கும் திறன் பெரும்பாலும் நாலு வயதை ஒட்டித்தான் வருகிறது. 1983-இல் விம்மர், பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் நடத்திய சோதனைகளுக்குப் பிறகு இது பலமுறை உறுதியாகியிருக்கிறது. அந்த வயதில் பிரித்துவிட்டு, நடந்ததை நாமே வார்த்தையில் சொன்னால் போதும்: “பொம்மையைப் பிடுங்கினதும் உனக்குக் கோபம் வந்துச்சு. தம்பிக்கு வலிச்சுது, அழறான்.” இது வீண்பேச்சு அல்ல. மூன்று வயதில் வீட்டில் உணர்ச்சிகளைப் பற்றி அதிகம் பேசக் கேட்ட குழந்தைகள், ஆறு வயதில் மற்றவர்களின் உணர்ச்சியை நன்றாகக் கண்டுகொண்டார்கள் என்று உளவியலாளர் ஜூடி டன்னும் அவருடன் பணியாற்றியவர்களும் 1991-இல் எழுதினார்கள்.

“நீதானே பெரியவள், விட்டுக்கொடு” என்பதை விட்டுவிடுங்கள். எப்போதும் விட்டுக்கொடுத்தே வளர்ந்தவர்களை என் மேஜையில் நிறையப் பார்க்கிறேன், எல்லாவற்றையும் தேதியோடு ஞாபகம் வைத்திருப்பார்கள். கழுத்தைப் பிடித்து “சாரி சொல்லு” என்பதும் வேண்டாம். என்ன செய்தால் அவளுக்குக் கொஞ்சம் சரியாகும் என்று கேளுங்கள், அதில் வேலை நடக்கும்.

மத்தியஸ்தம் செய்யவே கூடாத சண்டையும் உண்டு. ஒரே பிள்ளைதான் ஒவ்வொரு முறையும் அடி வாங்குகிறது, மற்றவர் அறைக்குள் வந்ததும் அதன் முகம் மாறுகிறது என்றால் அது இரு தரப்புச் சண்டை அல்ல. ஒருவர் மற்றவரைக் கண்டு பயப்படும்போது தொழிலிலும் நாங்கள் எதிரெதிரே உட்காரவைப்பதில்லை. தனித்தனியாகப் பேசுங்கள், அவர்களைத் தனியாக விடாதீர்கள், அடிப்பதற்கு நீங்களே முற்றுப்புள்ளி வையுங்கள். அடிக்கிற பிள்ளைக்கு வெளியில் என்ன நடக்கிறது என்றும் விசாரியுங்கள். குறையவில்லை என்றால் குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொன்று, நம் சண்டை. கணவன் மனைவி சண்டையைப் பிள்ளைகள் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்வது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம். பெற்றோர் சண்டையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மார்க் கம்மிங்ஸ் கண்டது எனக்கு ஆறுதலாக இருந்தது: சண்டை முடிந்து சமாதானமானதைப் பார்க்கும் குழந்தைகளின் கலக்கம் வெகுவாகக் குறைகிறது. மூடிய அறைக்குள் சமாதானமானாலும், அதைப் பிறகு சொன்னால் உதவுகிறது. ஆனால் நாம் பிள்ளைகள் முன்னால் கத்திவிட்டு, அவர்கள் தூங்கியபின் சமாதானமாகிறோம். மறுநாள் காலையில் ஒரு வரி சொல்லுங்கள்: “நேத்து அப்பாவும் நானும் கத்திக்கிட்டோமே, அதைப் பேசி முடிச்சுட்டோம்.” என்ன முடிவு என்பதையும் அவர்களுக்குப் புரிகிற அளவுக்குச் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எங்கள் சின்னவன் மாதிரி, யார் ஜெயித்தது என்று கேட்பார்கள்.