மன்னார் வளைகுடாத் தீவோரம் கடற்புல் நடும் முறை

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளைச் சுற்றி, பவளப்பாறைக்கு இணையான பெரிய சொத்து கடற்புல். கடல்தாழை என்றும் சொல்வார்கள். பாசி வேறு, இது வேறு. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. கடற்புல்லுக்கு மணலுக்குள் ஓடும் கிடைத்தண்டு, வேர், பூ எல்லாம் உண்டு. கடல்பசுவுக்கு இதுதான் சோறு. நண்டு, இறால், ஓரா மீன் குஞ்சுகளுக்கு ஒளிவிடம். தீவோர மணலை அலை வாரிக்கொண்டு போகாமல் பிடித்து வைப்பதும் இதுவே. பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன, காரியாசல்லி சுருங்கி வருகிறது. மிச்சமிருக்கும் தீவுகளைச் சுற்றிப் புல் அழிந்த இடத்தில் ஊர் கூடி மறுபடி நட முடியும்.

முதல் வேலை அனுமதி. இந்தத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. தீவில் இறங்குவதற்கும், புல் எடுப்பதற்கும், நடுவதற்கும் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அனுமதியில்லாமல் செய்தால் வழக்குதான். கடலுயிர் ஆய்வாளர் ஒருவரைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடம் பார்ப்பதில் அவசரம் கூடாது. முன்பு புல் இருந்த இடம் எது என்று வயதான மீனவர்களைக் கேளுங்கள். அங்கே புல் ஏன் போனது என்பதும் தெரிய வேண்டும். இழுவை மடியாலோ நங்கூரத்தாலோ போயிருந்தால், அது நின்ற பிறகுதான் நட வேண்டும். வற்றத்தின்போது ஒன்றிலிருந்து மூன்று மீட்டர் ஆழம் போதும். காற்றில்லாத நாளில் படகிலிருந்து பார்த்தால் தரை தெரிய வேண்டும். தெரியாத இடத்தில் புல்லுக்கு வெயில் போதாது. ஒரு கைப்பிடி மண் எடுத்து முகர்ந்து பாருங்கள். கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அந்த இடம் வேண்டாம், வேர் கருகிவிடும்.

பருவம், தை கடைசியிலிருந்து பங்குனி வரை. வாடை மழையின் கலங்கல் தெளிந்திருக்கும், கச்சான் காற்று இன்னும் பிடித்திருக்காது. சித்திரை, வைகாசியில் ஆழமில்லாத நீர் சூடேறும். வேர் பிடிக்காத நாற்று அதைத் தாங்காது.

நாற்றைக் கட்டிக் கடல்தரையில் இறக்க ஒரு சட்டம் வேண்டும். அதை மூங்கிலில் செய்யுங்கள். பிவிசி குழாயிலும் செய்கிறார்கள். ஆனால் மறந்துபோன ஒவ்வொரு குழாயும் கடலில் குப்பை. ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தில், 20 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நெடுக்கே நான்கு, குறுக்கே நான்கு தென்னங்கயிறு கட்டினால் 16 சந்திப்பு வரும். சந்திப்புக்கு ஒரு நாற்று. கயிறு ஒன்றுக்கு முடிச்சோடு சேர்த்து ஒன்றரை மீட்டர். ஆக, 10 சட்டத்துக்கு 120 மீட்டர் கயிறு, 160 நாற்று. காய்ந்த மூங்கில் மிதக்கும், அதனால் இரண்டு நாள் முன்பே நீரில் ஊறப் போடுங்கள். சட்டத்தைத் தரையில் அடித்து இறுக்க 8 மில்லிமீட்டர் கம்பியை 60 சென்டிமீட்டராக வெட்டி, தலையைக் கைத்தடிபோல் வளைத்து, மூலைக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்று என்பது வெறும் இலை அல்ல. ஒரு சாண் நீளக் கிடைத்தண்டு, அதில் குறைந்தது மூன்று தளிர், ஒரு முனையில் வளரும் கூர் நுனி. நுனி ஒடிந்தால் அந்த நாற்று பரவாது. தலாசியா, சைமோடோசியா என்ற கடற்புல் வகை இரண்டும் தண்டு தடித்தவை, கட்டுவதற்குத் தாங்கும். அடர்ந்த புல்வெளியிலிருந்தே எடுங்கள், ஒரே இடத்தில் வாரக் கூடாது. இரண்டு எட்டுக்கு ஒரு நாற்று என்று தள்ளித் தள்ளி எடுத்தால் பள்ளம் தெரியாது. மண்ணை விரலால் விலக்கித் தண்டைக் கிள்ளுங்கள், பிடித்து இழுத்தால் வேர் அறும். வலையில் பிய்ந்து வந்த புல்லும் ஆகும், தண்டு கெட்டியாக, உள்ளே வெள்ளையாக இருந்தால்.

எடுத்த நாற்று ஒரு நிமிடம்கூட வெயிலில் கிடக்கக் கூடாது. கடல்நீர் நிறைந்த தொட்டியில் போட்டு, மேலே ஈரச் சாக்கு மூடி, அன்றே கட்டி அன்றே இறக்குங்கள். கட்டும்போதும் நாற்று நீரிலேயே இருக்கட்டும். சணல் நூலால் தண்டைக் கயிற்றின் அடிப்பக்கமாகச் சேர்த்துத் தளர்வாக இரண்டு சுற்று. இலையைக் கட்டாதீர்கள், நுனியை மூடாதீர்கள். நைலான் நூல் கூடவே கூடாது. அது இற்றுப்போகாது, தண்டை அறுக்கும்.

இந்த வேலை தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: தண்டு மணலைத் தொடாமல் அந்தரத்தில் ஆடுகிறது. மேலிருந்து பார்த்தால் சட்டம் அழகாகப் படுத்திருக்கும். அடியில் இரண்டு விரல் இடைவெளி இருக்கும், ஒரு மாதத்தில் 16 நாற்றும் அழுகியிருக்கும். எனவே நான்கு கம்பியையும் அடித்த பிறகு, மூழ்குபவர் ஒவ்வொரு சந்திப்பாகத் தொட்டு, தண்டு மறைய இரண்டு சென்டிமீட்டர் மணல் தள்ள வேண்டும். இலையை மூடாமல் தள்ளுங்கள். சட்டங்களைத் தனித்தனியாகச் சிதறவிடாமல், இருக்கிற புல்வெளியின் ஓரத்தை ஒட்டி வையுங்கள். முதல் ஆண்டு 10 சட்டத்துக்கு மேல் வேண்டாம்.

15ஆம் நாள், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு என்று போய் எண்ணுங்கள். முதல் சில வாரம் பழைய இலை பழுத்து உதிரும், பயப்பட வேண்டாம். தண்டை அமுக்கிப் பாருங்கள்: கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, கொழகொழத்தால் போய்விட்டது. இலை நுனி கத்தரித்தாற்போல் குட்டையாக இருந்தால் ஆமையோ ஓராவோ மேய்ந்திருக்கிறது. வேர் நிற்கும்வரை மறுபடி துளிர்க்கும். இலைமேல் சேறு படிந்தாலோ பாசி போர்த்தினாலோ கையால் மெல்ல உதறிவிடலாம். அதே இடத்தில் திரும்பத் திரும்பப் படிந்தால் இடமே தவறு.

ஊர்க் கட்டுப்பாடு இல்லாமல் நட்டது நிற்காது. ஒரே ஒரு நங்கூரம் இழுபட்டால் ஒரு வரிசைச் சட்டமும் கிளம்பிவிடும். நான்கு மூலையிலும் மிதவை போட்டு, உள்ளே நங்கூரம் இல்லை, இழுவை மடி இல்லை, வற்றத்தில் எஞ்சின் ஓட்டுவதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாசி எடுக்கும் பெண்களை முதலில் கூப்பிடுங்கள். அந்தத் தரையை அவர்களைப்போல் அறிந்தவர்கள் இல்லை. மாதம் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு வைத்துக்கொண்டவர்கள் மண்டபம், பாம்பன் கரைப் பெண்கள். அவர்களை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காக்கும் சீகாலஜி அமைப்பின் விருது கிடைத்தது.

வேர் பிடித்து நாற்று சட்டத்தைத் தாண்டி ஓடத் தொடங்கியதும் கம்பிகளை உருவி எடுத்து எண்ணுங்கள்: 10 சட்டத்துக்கு 40. ஒன்று குறைந்தாலும் தேடி எடுங்கள், வலையைக் கிழிக்கும், காலிலும் குத்தும்.