வெந்நீரில் இறுகாத கிறிஸ்துமஸ் உருண்டைகள்

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட உல்லன் நூலில் சின்ன உருண்டைகள் பின்னினேன். சோப்புப் போட்டு வெந்நீரில் தேய்த்தால் பின்னல் கண்ணிகள் மறைந்து ஃபெல்ட் துணியாக (இழைகள் சிக்கி அடர்ந்த தடித்த துணி) இறுக வேண்டும். எவ்வளவு தேய்த்தும் இறுகவில்லை.

காரணம் நூல்தான். நம் கடைகளில் உல்லன் என்று கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை இழை. ஆட்டு ரோம இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, ஈரம், உரசல் மூன்றும் சேரும்போது இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அக்ரிலிக்கில் அந்தச் செதில் கிடையாது. ஒரு துண்டு நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தேன் (பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்). உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டது. அசல் கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும்.

அப்புறம் 100 சதவீதக் கம்பளி நூல் வாங்கினேன். 'சூப்பர்வாஷ்' என்று போட்டிருப்பது வேண்டாம். துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்திய நூல் அது. 6 மி.மீ. ஊசியில் தளர்வாக, வேண்டிய அளவைவிடப் பெரிதாகவே பின்னினேன். வெந்நீரில் தேய்த்து, குளிர்ந்த நீரில் அலசியதும் கண்ணியே தெரியவில்லை. அவ்வளவு அழகு!

அக்ரிலிக் உருண்டைகளையும் விடவில்லை. வெள்ளைப் பஞ்சு அடைத்தால் கண்ணி வழியே எட்டிப் பார்க்கும். அதனால் அதே நிற நூல் துணுக்குகளை அடைத்துத் தைத்துவிட்டேன்.