அடமன்ட் என்றால் ஒற்றைக் காலில் நிற்பது

வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு எழுதும் நர்ஸ்களுக்கு, மாலையில் வீட்டு மாடியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். தேர்வில் ஒரு நோயாளியைப் பற்றி 180 முதல் 200 வார்த்தைக்குள் கடிதம் எழுத வேண்டும். போன வாரம் ஒரு பெண் கொண்டுவந்த கடிதத்தில் மூன்றாவது வரி: 'பேஷன்ட் இஸ் வெரி அடமன்ட்.'

"எதுலம்மா?" என்று கேட்டேன்.

"எதுலன்னா... ரொம்பப் பிடிவாதக்காரர் சார்."

நம் ஊரில் இப்படித்தான் புழங்குகிறது. சாப்பிட அடம் பிடிக்கும் குழந்தையை 'அடமன்ட் சைல்ட்' என்போம். அடம், அடமன்ட் என்று ஓசை ஒத்துப்போவதால் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் உறவு கிடையாது. அடமன்ட்டின் மூலம் கிரேக்கத்தில் 'அடமாஸ்', அடக்க முடியாதது. வைரத்துக்கான 'டயமண்ட்' என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததுதான்.

பிடிவாதக் குணத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் 'ஸ்டப்பர்ன்' இருக்கிறது. போகாத கறையையும் விடாத இருமலையும்கூட ஸ்டப்பர்ன் என்பார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர் 'ஆப்ஸ்டினேட்'. அதில் திட்டும் கலந்திருக்கிறது. அடமன்ட் அப்படி இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்கூட ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றைக் காலில் நிற்கலாம். அப்போது அவர் அடமன்ட். எனவே இந்தச் சொல்லை எழுதியதும் 'எதில்?' என்று கேளுங்கள். பதில் அந்த வாக்கியத்திலோ, அதற்கு முந்தைய வரியிலோ இருக்க வேண்டும்.

பதிலைச் சேர்க்கச் சுலபமான வழி 'தட்'. 'ஹீ வாஸ் அடமன்ட் தட் ஹீ ஹேட் டேக்கன் த டேப்லெட்': மாத்திரை போட்டாச்சு என்று சாதித்தார். முடிவைச் சொல்லவும் இதே அமைப்புதான்: 'ஷீ இஸ் அடமன்ட் தட் ஷீ வில் நாட் கோ.' பெயர்ச்சொல் வந்தால் 'அபௌட்' போடலாம். 'டு' போட்டு 'அடமன்ட் டு கோ' என்று நம்மவர்கள் எழுதுவார்கள்; ஆங்கிலத்தில் அப்படி வழக்கம் இல்லை. 'வெரி' தப்பில்லை, ஆனால் சப்பென்று இருக்கும். 'அப்சல்யூட்லி அடமன்ட்' என்றால் வேகம் வரும். அப்புறம், உச்சரிப்பு. அழுத்தம் முதல் அசையில். கடைசி அசையை 'மென்ட்' என்று நீட்டி முழக்க வேண்டாம். 'மன்ட்' என்று லேசாக விட்டால் போதும்.

ஒரு எச்சரிக்கை, நர்ஸ்களுக்கு மட்டும். நோயாளி சிகிச்சையை மறுத்தால் 'டிக்ளைண்ட்' என்று எழுதுவதே நல்லது. பலமுறை எடுத்துச் சொல்லியும் அசையவில்லை என்றால் மட்டும் அடமன்ட். கடிதத்தில் ஸ்டப்பர்ன் என்று எழுதினால் அது அவர் மேல் நீங்கள் வைக்கும் புகார் மாதிரி ஆகிவிடும்.

சரி, அந்தக் கடிதத்துக்கு வருவோம். அவர் எதைத்தான் மறுத்தார் என்று விசாரித்தால், மருந்து, உணவுக் கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் சம்மதம்; இன்சுலின் ஊசி மட்டும் ஆகாது. இவரையா பிடிவாதக்காரர் என்று எழுதினோம் என்று அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள். 'ஹீ இஸ் அடமன்ட் தட் ஹீ டஸ் நாட் வான்ட் இன்சுலின்' என்று திருத்தினாள். எண்ணிப் பார்த்தால் கடிதம் 206 வார்த்தைக்குப் போயிருந்தது. எதை வெட்டலாம் என்று மறுபடி முதல் வரியிலிருந்து உட்கார்ந்தோம்.