தாழ்த்திய பிக்கப்புக்கு ஷாக் வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

கடைப் பட்டியலில் "4/6 டிராப்புக்கு" என்று போட்டிருக்கும் ஷாக்கை (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரை) அப்படியே நம்பி வாங்கிவிடாதீர்கள். முன்பக்கம் 4 இன்ச், பின்பக்கம் 6 இன்ச் இறங்கியிருக்கிறது என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்லும். எந்தப் பாகத்தை மாற்றி இறக்கினார்கள் என்பது அதில் இருக்காது. ஷாக்கின் நீளமோ அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் நிறையப் பேர் தாழ்த்தி ஓட்டும் 1988–98 செவ்ரோலே சி1500-ஐ எடுத்துக்கொள்வோம். முன்னால் சக்கரத்தை சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) இணைக்க மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம், நடுவில் காயில் (சுருள்) ஸ்பிரிங். பின்னால் லீஃப் (பட்டை) ஸ்பிரிங். முன்பக்க 4 இன்ச்சில் பெரும்பாலும் 2 இன்ச் டிராப் ஸ்பிண்டில் (சக்கரம் மாட்டும் அச்சுள்ள பாகம்), மீதி 2 இன்ச் குட்டையான காயில். டிராப் ஸ்பிண்டில் சக்கரத்தின் அச்சை மட்டும் மேலே ஏற்றிவிடுகிறது. கீழ் ஆர்ம் பழைய இடத்திலேயே நிற்கும். ஷாக்கின் கீழ்முனை அந்த ஆர்மில் இருப்பதால் ஷாக் ஒரு நூல்கூடக் குறுகாது. ஸ்பிண்டில் மட்டும் மாற்றிய வண்டிக்குக் கம்பெனி அளவு ஷாக்கே சரி. குட்டை ஷாக் போட்டால் சக்கரம் தொங்கும்போது ஷாக் முழுக்க நீண்டு, உள்ளேயே இழுபட்டு அடிக்கும்.

காயில் கதை வேறு. அது ஆர்மையே மேலே வரவைக்கும். அப்போதும் வண்டி 2 இன்ச் இறங்கினால் ஷாக் 2 இன்ச் குறுகாது. ஆர்ம் சேசிஸில் மாட்டியிருக்கும் இடத்திலிருந்து பால் ஜாயின்ட் (ஆர்மின் சக்கரப் பக்க முனை) 16 இன்ச், ஷாக் போல்ட் 9 இன்ச் என்று வைத்துக்கொண்டால், ஷாக் சுமார் 1.1 இன்ச்தான் குறுகும். இந்த இரண்டு தூரத்தையும் உங்கள் வண்டியில் அளந்து பாருங்கள்.

பின்பக்கம் கணக்கு நேரடியானது. லீஃபின் முனையை சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளை மாற்றினாலும் சரி, ஆக்சிலை லீஃபுக்கு மேலே கொண்டுபோகும் ஃபிளிப் கிட் போட்டாலும் சரி, ஆக்சில் சேசிஸை நெருங்குகிறது. ஷாக்கும் ஏறக்குறைய அதே அளவு குறுகும். ஃபிளிப் கிட்டுக்கு சேசிஸில் சி-நாட்ச் (ஆக்சில் மேலே வர இடம்விடும் சி வடிவ வெட்டு) வெட்ட வேண்டியிருக்கும். அந்த வேலை முடிந்து பம்ப் ஸ்டாப் (ஆக்சில் சேசிஸில் மோதாமல் தடுக்கும் ரப்பர்) புது இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும். முன்பே எடுத்த அளவு எதற்கும் உதவாது.

அளவெடுக்கும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். டேங்கில் பெட்ரோல் நிறைய இருக்கட்டும். பின்னால் எப்போதும் டூல்பாக்ஸ் இருக்குமென்றால் அதுவும் இருக்கட்டும். மேல் போல்டின் மையத்திலிருந்து கீழ் போல்டின் மையம் வரை அளவெடுங்கள். இதுதான் நிற்கும் நீளம். அடுத்து பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் அது முட்டும் இடத்துக்கும் உள்ள இடைவெளி. பிறகு சேசிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து, ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி வைத்து, ஷாக்கைக் கழற்றி, ஆக்சிலை மெல்ல இறக்குங்கள். பிரேக் ஹோஸ் விறைக்கும் முன் நிறுத்திவிட வேண்டும். அந்த நிலையில் எடுக்கும் அளவு தொங்கும் நீளம்.

ஒரு கணக்கு போடுவோம். நிற்கும் நீளம் 15 இன்ச், இடைவெளி 2.5. ஒன்றரை இன்ச் ரப்பர் நசுங்கினால் பாதியாகும், அது 0.75. பாதுகாப்புக்கு அரை இன்ச். 15-இல் இவ்வளவையும் கழித்தால் 11.25. ஷாக் முழுக்க அமுங்கும்போது இதைவிட நீளமாக இருக்கக் கூடாது.

பலர் தடுமாறுவது இதற்கு அடுத்த இடத்தில். தொங்கும் நீளம் 19 என்று அளந்துவிட்டு, அமுங்கி 11.25, நீண்டு 19 வரும் ஷாக்கைத் தேடி அலைவார்கள். அப்படி ஒன்று கிடைப்பது அரிது. கண் (போல்ட் நுழையும் வளையம்), சீல், வால்வு, கேஸ் எல்லாம் சேர்ந்து 4 முதல் 5 இன்ச் வரை ஓடாத நீளமாகப் போய்விடும். 11.25-இல் அமுங்கும் ஷாக்குக்கு ஓட்டம் ஏறக்குறைய 6.5 இன்ச், நீண்டால் 17.75. நிற்கும் நிலையிலிருந்து கீழே 2.75 இன்ச் கிடைக்கிறது. தெருவில் ஓடும் வண்டிக்கு அது போதும். போதாது என்றால் மேல் பிராக்கெட்டை உயரமாக மாற்றிப் பொருத்துங்கள். நீளமான ஷாக் போட இடம் கிடைக்கும். அமுங்கும் அளவில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பம்ப் ஸ்டாப் முட்டும் முன் ஷாக் முட்டினால் பிஸ்டன் அடிவால்வை உடைக்கும், இல்லாவிட்டால் கண் பிய்ந்துகொண்டு வரும்.

சாய்வையும் பார்க்க வேண்டும். ஆக்சில் மேலே வரவர ஷாக் படுத்துக்கொள்கிறது. நேர்குத்தாக நிற்கும் ஷாக்கோடு ஒப்பிட்டால் 30 டிகிரி சாய்ந்ததன் பலன் முக்கால் பங்கு. 45 டிகிரியில் பாதி. ஷாக் புதுசு, ஆனாலும் பின்பக்கம் ஆடுகிறது என்றால் முதலில் இந்தச் சாய்வைச் சரிபாருங்கள்.

எந்த வகை

குட்டை ஸ்பிரிங் பெரும்பாலும் விறைப்பாக இருக்கும். அதை அடக்க ஷாக் நீளும் திசையில் கூடுதல் பிடிப்பு வேண்டும். பெல்டெக் போன்ற தாழ்த்தும் கிட் தயாரிப்பாளர்கள் அதற்கென்றே ஷாக் விற்கிறார்கள். பில்ஸ்டீனில் 4600 வரிசை கம்பெனி உயரத்துக்கானது. ஸ்பிண்டில் மட்டும் மாற்றிய முன்பக்கத்துக்கு அது பொருந்தும். 5100 பெரும்பாலும் உயர்த்திய வண்டிகளுக்கு.

நீளும் பிடிப்பு அளவுக்கு மீறினாலும் கெடுதல். காலியான பிக்கப்பின் பின்பக்கம் லேசு. அடுத்தடுத்துக் குழிகள் வரும்போது ஸ்பிரிங் திரும்பி எழும் முன்பே அடுத்த அடி விழும். பின்பக்கம் படிப்படியாகத் தாழ்ந்து பம்ப் ஸ்டாப்பிலேயே ஓடும். வால்வு திருகும் வசதி இருந்தால் மென்மையில் தொடங்கி ஒவ்வொரு கிளிக்காக ஏற்றுங்கள்.

மோனோடியூபில் (ஒற்றைக் குழாய் ஷாக்கில்) சூடு சீக்கிரம் வெளியேறும், தலைகீழாகவும் மாட்டலாம். ஆனால் பிஸ்டன் வெளிக்குழாயிலேயே ஓடுவதால் கல்லடியில் ஒரு பள்ளம் விழுந்தாலே போயிற்று. 14 மிமீ ராடும் (பிஸ்டன் கம்பியும்) 20 பார் கேஸும் இருந்தால் ஒரு ஷாக் சுமார் 31 கிலோ விசையில் வண்டியைத் தூக்கும். உயரம் கொஞ்சம் ஏறுவது இதனால்தான்.

மாட்டும்போது

ட்வின்டியூபை (இரட்டைக் குழாய் ஷாக்கை) நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுக்க இழுத்து அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். ராடை பிளையரால் பிடிக்கவே கூடாது. கீறல் விழுந்தால் சீல் கிழியும். தண்டு வகை மேல்முனையில் ரப்பர் புஷ் வாஷரின் விளிம்பு வரை பிதுங்கியதும் நிறுத்திக்கொள்ளுங்கள். கண் வகை போல்டுகளைச் சக்கரங்கள் தரையில் இருக்கும்போது கடைசி முறுக்கு கொடுங்கள். தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும்.

கடைசியாக, டஸ்ட் பூட்டை (ராடை மூடும் உறையை) மேலே தள்ளி, பளபளக்கும் ராடில் ஷாக்கின் உடலை ஒட்டினாற்போல் ஒரு நைலான் டையை இறுக்கிக் கட்டுங்கள். வழக்கமான சாலையில், வேகத்தடைகளையும் சேர்த்து, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். உடல் தள்ளிய இடத்தில் டை நின்றிருக்கும். அதற்கு மேல் ராடில் அரை இன்ச்சாவது மிச்சமிருந்தால் நல்லது. இல்லையென்றால் பம்ப் ஸ்டாப்புக்கு அடியில் ஸ்பேசர் வைத்து உயர்த்துங்கள், புது டை கட்டி மறுபடி ஓட்டிப் பாருங்கள்.