வேலூர் என்று தேடினால் ஆஸ்பத்திரிதான் வரும்

பாலாற்றுத் தண்ணீர் அரசியலில் பிஎச்.டி.க்குப் பதிந்த புதிதில், குடியாத்தம் பஸ்ஸில் உட்கார்ந்தபடி ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ஆங்கிலத்தில் வேலூர் என்று போட்டுத் தேடிக்கொண்டே இருந்தேன். வந்ததெல்லாம் சர்க்கரை நோய், சிறுநீரகம், குழந்தைகளின் வயிற்றுப்போக்கு. எழுதிய சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர்களின் முகவரியில் வேலூர் இருக்கிறதே! மூன்று வாரம் இப்படியே போனது.

இதற்கு வழி உண்டு. ஸ்காலரில் இடது மூலையில் உள்ள மூன்று கோடுகளைத் தொட்டு அட்வான்ஸ்டு சர்ச் போய், சொல் தலைப்பில் மட்டும் வர வேண்டும் என்று குறியுங்கள். ஆஸ்பத்திரி பெரும்பாலும் விலகிவிடும்.

ஆனால் என் கண்ணைத் திறந்தது வேறு. 1989 வரை நம் மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு. பசுமைப் புரட்சி நெல்லுக்கு என்ன செய்தது என்று 1970-களில் பார்க்க வந்த கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களும் நார்த் ஆற்காட் என்றுதான் எழுதினார்கள். அந்தப் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டதும் கிணறு, பம்ப்செட், கடன், கூலி என்று கொட்டியது. ஆரணிக்கும் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துமுறை, இரண்டையும் போடுங்கள். 1911-க்கு முந்தைய விஷயம் என்றால் சித்தூரும் நம்மோடு இருந்தது. 2019-க்குப் பிறகு என்றால் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனித்தனி. என் நோட்டின் அட்டையில் முதலில் எழுதியதே இந்தப் பெயர்ப் பட்டியல்தான்.

அப்புறம் ஏரி. லேக் என்று தேடினால் ஒன்றும் தேறாது. ஆய்வுலகில் நம் ஏரிக்குப் பெயர் டேங்க்! இதைச் சொன்னபோது அப்பா, “மொட்டை மாடியில இருக்கறதா?” என்றார்.

நல்ல கட்டுரை ஒன்று சிக்கினால் அதன் கீழே ‘சைட்டட் பை’ என்று இருப்பதைத் தொடுங்கள். அதை மேற்கோள் காட்டிய பிந்தைய கட்டுரைகள் வரிசையாக வரும். தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் தொடங்கி இப்படித்தான் நான் முன்னோக்கி வந்தேன். அந்த ஒரே தீர்ப்பை அரசியல் அறிவியல்காரர் அரசு, நீதிமன்றம் என்று எழுதுவார். புவியியல்காரர் நிலத்தடி நீர், குரோமியம் என்று எழுதுவார். இரண்டு பக்கச் சொல்லையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

பணம் மட்டும் கட்டாதீர்கள். அவசரத்தில் அண்ணன் கார்டில் ஒரு கட்டுரை வாங்கினேன். மறுநாள் அதுவே எழுதியவரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் இலவசமாகக் கிடந்தது. ‘ஆல் வெர்ஷன்ஸ்’ தொட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஆய்விதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஜேஸ்டோர் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை திரையிலேயே படிக்கலாம். எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி என்ற ஆய்விதழின் பழைய இதழ்களும் அங்கே உண்டு. கல்லூரி நூலகரிடம், கல்லூரிகளுக்கு மின்னிதழ், மின்நூல் தரும் என்-லிஸ்ட் திட்டத்தின் லாகின் கேளுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் இருக்கும் சோத்கங்கா தளத்தில் உங்கள் தலைப்பை ஒட்டிய ஆய்வேடு கிடைத்தால் நேராகக் கடைசி அத்தியாயத்துக்கும் அப்பால், நூற்பட்டியலுக்குப் போங்கள். எதிலும் கிடைக்காவிட்டால் எழுதியவருக்கே இரண்டு வரி மெயில். எனக்கு ஒரு பேராசிரியர் அனுப்பிய பிடிஎஃப், பஸ் பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் வந்துவிட்டது.