எல்லை தாண்டிய சுகாதார ஆய்வு: எங்கே தவறுகிறோம்?

2014இல் லைபீரியாவில் எபோலா பரவியபோது அங்குள்ள மருத்துவர்கள் அதை எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் 1982லேயே ஐரோப்பிய ஆய்வாளர்கள் லைபீரியர்களின் ரத்தத்தில் எபோலாவுக்கான ஆன்டிபாடிகளை (தொற்று வந்துபோனதைக் காட்டும் எதிர்ப்புப் புரதங்களை) பார்த்து, அந்த நாட்டையும் எபோலா இருக்கும் பகுதியில் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அது ஓர் ஐரோப்பிய இதழில் வந்தது. எழுதியவர்களில் லைபீரியர் ஒருவரும் இல்லை. 2015இல் லைபீரியச் சுகாதார அதிகாரிகள் அதைத் தேடிப் பிடித்தபோது 33 ஆண்டுகள் ஓடியிருந்தன.

கட்டுரை அச்சானதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் என் பார்வையில் மிகப் பெரிய தவறு. ரத்தம் கொடுத்த ஊருக்கு முடிவு போய்ச் சேர வேண்டும். அதற்கான பணத்தை பட்ஜெட்டிலேயே ஒதுக்குங்கள். உள்ளூர் ஆய்வாளர்களை மாதிரி சேகரிக்க மட்டும் கூப்பிடாமல், கேள்வியை வகுக்கும்போதே உட்கார வையுங்கள். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்), சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்திருந்தன. சானடோரியத்துக்கு, அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனைக்கு, அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா என்ற கேள்வியே சென்னையின் ஏழை நோயாளிகளுக்கு அவசியமானது. முடியும் என்ற பதில் 1959இல் வந்தது. அந்த மையம் இன்றும் சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது.

அடுத்தது, மாதிரிகளை அனுப்பிவிட்டு அப்புறம் உரிமை பேசுவது. இந்தோனேசியா தந்த பறவைக் காய்ச்சல் கிருமியை வைத்து ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் தடுப்பூசி உருவாக்கியது தெரிந்ததும், 2007 வாக்கில் அந்த நாடு மாதிரிகளைப் பகிர்வதையே நிறுத்தியது. இதற்கான உலக ஏற்பாடு 2011இல்தான் வந்தது, அதுவும் பெருந்தொற்றாகக்கூடிய ஃப்ளூவுக்கு மட்டும். ஆகவே மாதிரி யாருடையது, எத்தனை ஆண்டு வைக்கலாம், வேறு ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா என்பதை முதல் பெட்டி கிளம்பும் முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

ஒப்புதல் படிவத்தைச் சடங்காக நினைக்காதீர்கள். 2009இல் ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து, அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் சிறுமிகளுக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி தடுப்பூசி போட்டன. சில சிறுமிகள் இறந்ததும் 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. ஆனால் பெற்றோர் கையெழுத்திட வேண்டிய பல படிவங்களில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தது தெரியவந்தது. நல்ல தடுப்பூசி மீதே சந்தேகம் விழ அது போதுமானதாக இருந்தது.

அனுமதி விஷயம் சுருக்கமாக: வெளிநாட்டுக் கூட்டு என்றால் இந்தியாவில் எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) ஒப்புதல் மட்டும் போதாது. ஐசிஎம்ஆர் வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்கும் போக வேண்டியிருக்கும். அதற்கான மாதங்களையும் கால அட்டவணையில் சேருங்கள்.

ஒரே மொழி என்றால் கேள்வித்தாளை மாற்ற வேண்டாம் என்று நம்புவதும் ஆபத்து. சென்னையில் வாந்தி என்பதை யாழ்ப்பாணத்தில் சத்தி என்பார்கள். நம் வயிற்றுப்போக்கு அங்கே வயிற்றோட்டம், சளி அங்கே தடிமன். சரி, புரிந்துகொள்வார்கள் என்று விட்டால், பதில்களில் தெரியும் வித்தியாசம் நோயினாலா சொல்லினாலா என்று பிரிக்க முடியாமல் போகும். கேள்வித்தாளை அந்த ஊர் செவிலியர் ஒருவரிடம் கொடுத்து, பத்து வீடுகளில் சத்தமாக வாசித்துக் கேட்கச் சொல்லுங்கள். ஜனங்கள் எந்தச் சொல்லில் தயங்குகிறார்கள் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.