ஜேர்மனியில் பழைய காருக்கு ‘ஹா’ இலக்கத்தகடு பெறுவது எப்படி

ஜேர்மன் வீதிகளில் ஓடும் சில பழைய கார்களின் இலக்கத்தகட்டில், எண்களுக்குப் பின்னால் கடைசியாக ‘எச்’ என்ற எழுத்து இருப்பதைப் புதிதாக வந்தவர்கள் கவனித்திருப்பார்கள். ஜேர்மன் உச்சரிப்பில் ‘ஹா’ எனப்படும் அந்த எழுத்து, அந்த வாகனத்தைப் பேணப்படவேண்டிய வரலாற்று வாகனம் என்று அரசு ஏற்றிருப்பதைக் காட்டுகிறது. 1997ஆம் ஆண்டு யூலையில் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டில் வரிச் சலுகை இருப்பதால், பழைய கார் ஒன்றை வாங்கி இந்தத் தகட்டைப் பூட்டிவிட்டால் செலவு குறையும் என்று எம்மவர்கள் சிலர் எண்ணுகிறார்கள். அவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இந்த விதிகளை அறிந்திருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

முதல் நிபந்தனை வயது. வாகனம் முதன்முதலில் பாவனைக்கு வந்து குறைந்தது 30 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். மாதிரி வெளிவந்த ஆண்டை வைத்து இதைக் கணக்கிடக் கூடாது; பத்திரத்தில் உள்ள முதற்பதிவுத் திகதியைத்தான் பார்க்க வேண்டும். 1996 நவம்பரில் பதிவான காருக்கு 2026 நவம்பர் வரை காத்திருக்க வேண்டும்.

வயதைவிடக் கடினமானது நிலை பற்றிய நிபந்தனை. வாகனம் பெருமளவுக்கு அதன் மூல வடிவிலேயே இருக்க வேண்டும், நன்கு பேணப்பட்டிருக்க வேண்டும், வாகனத் தொழில்நுட்பத்தின் மரபைக் காப்பதற்கு உதவ வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. ட்யூஃப், டெக்ரா போன்ற வாகனப் பரிசோதனை நிறுவனங்களின் அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகர் ஒருவர் காரைப் பார்வையிட்டு இதற்கான மதிப்பீட்டு அறிக்கையை எழுதித் தருவார். நீண்ட காலப் பாவனையின் அடையாளங்களும் மங்கிய வர்ணமும் அவ்வளவு பாதகமாகா. ஆனால் உடற்பகுதியைத் தின்ற துரு, அரைகுறையாக ஒட்டப்பட்ட தகரம், அந்தக் காலத்துக்குப் பொருந்தாத சில்லுகள், தாழ்த்தப்பட்ட அடிச்சட்டம், வேறு மாதிரியிலிருந்து எடுத்துப் பூட்டிய இயந்திரம் ஆகியவை அறிக்கை கிடைக்காமல் போவதற்குக் காரணமாகலாம். மாற்றம் எதுவும் செய்யவே கூடாது என்பதல்ல இதன் பொருள். முதற்பதிவிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் செய்யப்பட்ட மாற்றங்களும் அக்காலத்தில் வழமையாக இருந்த மாற்றங்களும் ஏற்கப்படுவதுண்டு. அவற்றுக்குச் சான்றாக உதவும் என்பதால், பழைய பற்றுச்சீட்டுகள், புகைப்படங்கள், முன்னைய உரிமையாளரின் பராமரிப்புக் குறிப்பேடு ஆகிய அனைத்தையும் விற்பவரிடமிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இயலுமானால், வாங்குவதற்கு முன்பே விற்பவரையும் அழைத்துக்கொண்டு காரை ஒரு பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுசென்று காட்டுங்கள். ‘ஹா தகடு எடுக்கலாம்’ என்று விளம்பரத்தில் எழுதியிருப்பது பரிசோதகரின் அறிக்கைக்கு ஈடாகாது.

அடுத்து வரி. இந்தத் தகடு பெற்ற காருக்கு, இயந்திரத்தின் கொள்ளளவு எதுவாயினும், ஆண்டுக்கு 191.73 யூரோவும், மோட்டார் சைக்கிளுக்கு 46.02 யூரோவும் நிலையான வரியாக அறவிடப்படும். கற்றலைசர் எனப்படும் புகை சுத்திகரிக்கும் கருவி இல்லாத பழைய பெற்றோல் காருக்குச் சாதாரண வரி ஒவ்வொரு 100 கன சென்ரிமீற்றருக்கும் 25.36 யூரோ வரை செல்வதால், இரண்டு லீற்றர் இயந்திரத்துக்கு அது 507.20 யூரோவாகிவிடும், அத்தகைய காருக்கு ஹா தகடு பெரும் ஆதாயம். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் வந்த சிறிய கார்களின் கணக்கோ வேறு. யூரோ 2 என்ற புகை வெளியேற்றத் தரத்திலுள்ள 1.6 லீற்றர் பெற்றோல் காருக்கு, 100 கன சென்ரிமீற்றருக்கு 7.36 யூரோ வீதம் சாதாரண வரி 117.76 யூரோ மட்டுமே. அதற்கு ஹா தகடு எடுப்பவர் கூடுதலாகவே வரி செலுத்துவார். குறைந்த புகை வெளியிடும் வாகனங்களுக்கான பச்சை ஒட்டியைக் கேட்கும் நகரச் சுற்றாடல் வலயங்களுக்குள் ஒட்டியில்லாமல் செல்லலாம் என்ற விதிவிலக்கும் இந்தத் தகட்டுக்கு உண்டு. கற்றலைசர் இல்லாத காருக்கும் பழைய டீசல் காருக்கும் இது மிக முக்கியம். ஏற்கெனவே பச்சை ஒட்டி பெற்ற காருக்கு இதனால் புதிய நன்மை எதுவுமில்லை.

காப்புறுதி விடயத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். ஹா தகட்டுடன் தினமும் வேலைக்குச் செல்வதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் ஓல்ட்டைமர் எனப்படும் இத்தகைய பழைய வாகனங்களுக்கான மலிவான காப்புறுதி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு இத்தனை கிலோமீற்றர்தான் ஓடலாம், அன்றாடப் பாவனைக்கு வேறொரு கார் இருக்க வேண்டும், ஓட்டுபவர் குறிப்பிட்ட வயதைக் கடந்திருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை விதிக்கின்றன. வீட்டில் இருக்கும் ஒரே கார் இதுதான் என்றால், கையெழுத்திடுவதற்கு முன் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பெற்றதாயின், இங்கு வதிவிடம் கொண்டபின் ஆறு மாதங்கள்தான் அது பொதுவாகச் செல்லுபடியாகும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

சூலாசுங்ஸ்ஷ்டெல்ல எனப்படும் வாகனப் பதிவு அலுவலகத்துக்குச் செல்லும்போது, வாகனப் பத்திரத்தின் இரு பகுதிகள், மதிப்பீட்டு அறிக்கை, செல்லுபடியாகும் ட்யூஃப் சான்று, காப்புறுதி நிறுவனம் தரும் ஏழு எழுத்துக் குறியீடு, கடவுச்சீட்டும் வதிவிடப் பதிவும், வரியை வங்கிக் கணக்கிலிருந்து அறவிடுவதற்கான ஒப்புதல் ஆகியவற்றைக் கொண்டுசெல்லுங்கள். ஹா எழுத்தையும் சேர்த்துத் தகட்டில் எட்டு எழுத்துகளுக்கு மேல் வர இயலாது. ஆகவே விரும்பிய இலக்கம் கேட்பவர்கள் குறுகியதாகக் கேட்க வேண்டும். கோடையில் மட்டும் ஓடுபவர்கள், 2017 முதல், பருவகாலத் தகட்டையும் ஹாவையும் சேர்த்தே பெறலாம். அப்போது பதிவுள்ள மாதங்களுக்கு மட்டுமே வரி. ட்யூஃப் பரிசோதனை மற்றக் கார்களைப் போலவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடரும்.

பல பழைய வாகனங்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு 07 என்று தொடங்கும் சிவப்பு எழுத்துத் தகடு தனியாக உண்டு. ஒரே தகட்டை மாறி மாறிப் பல வாகனங்களில் பூட்டலாம் என்றாலும், விண்ணப்பிப்பவர் நம்பகமானவரா என்பதை அலுவலகம் ஆராயும். ஓடும் ஒவ்வொரு பயணத்தையும் குறிப்பேட்டில் பதிய வேண்டும். ஓல்ட்டைமர் கண்காட்சி போன்ற நிகழ்வுகளுக்குப் போய் வரவும், சோதனை ஓட்டத்துக்கும், திருத்த வேலைக்குக் கொண்டுசெல்லவும் மட்டுமே அதற்கு அனுமதி உண்டு. அதைப் பூட்டிக்கொண்டு வேலைக்கோ கடைக்கோ செல்வது விதிமீறலாகும்.